அடிப்படை இயற்கணிதம்: கால்குலஸுக்கு முன்பா, கூடவேயா?

இணைகரம்:
கல்லூரியில் முதல் பருவக் கால்குலஸ் (நுண்கணிதம்) வகுப்பில் பள்ளிக் கணிதத்தை நன்றாகப் படித்தவர்களும் பாதியில் விட்டவர்களும் சேர்ந்தே உட்காருகிறார்கள். பின்தங்கியவர்கள் ஒரு பருவம் அடிப்படை இயற்கணிதம் படித்துவிட்டு வரட்டும் என்பது என் கட்சி. அவர்கள் தடுக்கி விழுவது லிமிட்டில் (ஒரு மதிப்பு எதை நெருங்கிப் போகிறது என்பதில்) இல்லை, பின்னத்தில்.

மாறிலி:
என் கட்சி வேறு: நேரே கால்குலஸில் சேரட்டும், இயற்கணிதத்தைக் கூடவே படிக்கட்டும். ஒரு பாடத்தில் 70% தேறுவதாக வையுங்கள். முன்னால் இரண்டு அடிப்படைப் பாடங்களைச் சேர்த்தால் 0.7×0.7×0.7. நூற்றுக்கு 34 பேர்தான் கரை சேர்வார்கள், அதுவும் தேறியவர் ஒருவர்கூட இடையில் நிற்காமல் இருந்தால்.

இணைகரம்:
அடிப்படையே இல்லாமல் நேரே போனால் அந்த 70 எங்கிருந்து வரும்? 30 ஆகிவிட்டால் உங்கள் கணக்கே தலைகீழ்.

சாய்வு:
நியூயார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்துச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. தொடக்க இயற்கணிதம் மட்டும் எடுத்தவர்களில் 39% தேறினார்கள். அதோடு வாராந்திரப் பயிற்சியும் பெற்றவர்கள் 45%. நேரே கல்லூரிப் புள்ளியியலில் சேர்ந்து, அதே பயிற்சியும் பெற்றவர்கள் 56%.

இணைகரம்:
நல்ல ஆய்வு. ஆனால் தொடக்கப் புள்ளியியலுக்கு வேண்டிய இயற்கணிதம் கொஞ்சம்தான். அந்த 56-ஐக் கால்குலஸுக்கு இழுக்காதீர்கள். சமூகவியல் மாணவரைப் புள்ளியியலுக்கு அனுப்புங்கள், மனதார ஒப்புக்கொள்கிறேன். பொறியியல் மாணவருக்கு அந்த வழி இல்லையே.

மாறிலி:
சரி, கால்குலஸையே எடுப்போம். 1/எக்ஸ் சார்புக்கு எக்ஸ் = 2 என்ற இடத்தில் வகைக்கெழு, அதாவது அங்கே அது மாறும் வேகம் வேண்டும். 0.1 நகர்த்தினால் 1/2.1 − 1/2. இங்கே சிலர் பகுதிகளை, அதாவது பின்னத்தின் கீழ் எண்களைக் கழித்து 1/0.1, அதாவது 10 என்று எழுதுவார்கள். உடனே விதியைச் சொல்லாதீர்கள். "இரண்டு எண்ணுமே அரைக்கு மேல் இல்லை, வித்தியாசம் எப்படி 10 ஆகும்?" என்று கேளுங்கள். பிறகு பொதுப் பகுதி: (2 − 2.1)/4.2 = −0.1/4.2. அதை 0.1ஆல் வகுத்தால் −1/4.2, சுமார் −0.238. நகர்வை 0.01 ஆக்கினால் −1/4.02, சுமார் −0.249. −0.25 நோக்கிப் போவது கண்ணுக்குத் தெரிகிறது. பின்னமும் லிமிட்டும் ஒரே பலகையில் முடிந்துவிடும். தனிப் பருவத்தில் இதே பின்னம் எதற்கென்றே தெரியாமல் வரும், தேர்வு முடிந்ததும் மறந்துபோகும்.

சாய்வு:
அப்படிக் கால்குலஸோடு கூடவே இயற்கணிதம் சொல்லித்தரும் துணை வகுப்பு பாடத்துக்கு முந்தைய நாளே நடக்க வேண்டும். பின்னால் வைத்தால் வீட்டுப்பாடம் போட்டுக்கொடுக்கும் இடமாகிவிடும். ஆசிரியரும் ஒருவராகவே இருந்தால் நல்லது. முதல் வாரம் 20 கேள்விச் சோதனை வைத்து, மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் பின்னம், குறி, அடுக்கு, சமன்பாடு என்று பிரித்துப் பாருங்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் ஒருவருக்கு அடுக்கு மட்டும் தெரியாது, இன்னொருவருக்கு எல்லாமே அரைகுறை. இருவருக்கும் ஒரே மருந்து செல்லாது.

இணைகரம்:
அந்த முதல் ஆளுக்குத் துணை வகுப்பு போதும், ஏற்கிறேன். இரண்டாமவருக்கு வாரம் 2 மணி நேரம் எந்த மூலைக்கு? மடக்கை, முக்கோணவியல் இன்னும் வரவே இல்லை. அவருக்குத் தனிப் பருவம்தான்.

மாறிலி:
ஒரே கால்குலஸை இரண்டு பருவமாக நீட்டி, இயற்கணிதத்தை அதற்குள் வைத்தால் அவரும் தாங்குவார். முதல் பருவத்தில் பல்லுறுப்புக் கோவையும் பின்னச் சார்பும், அடுத்ததில் மடக்கையும் முக்கோணவியலும். எடுக்கும் நேரம் நீங்கள் சொல்வதுதான், ஆனால் முதல் நாளே கால்குலஸில் இருப்பார்.

இணைகரம்:
இரண்டு பருவத்துக்கும் முழு கிரெடிட் கொடுத்தால் சம்மதம்.