ஓகஸ்ட் லீவில் கடற்கரைக்கு: 14, 8, ஒன்றரை வயதுப் பிள்ளைகளோடு எங்கே போகலாம்?

வெள்ளவத்தை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ட் பள்ளிக்கூட லீவில் நாலைந்து நாள் பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போக யோசிக்கிறோம். வெள்ளவத்தையில் தினமும் கடலைப் பார்க்கிறோம்தான், ஆனால் தண்டவாளத்துக்கு அங்கால் இருக்கிற அந்தக் கல்லுக் கரையில் பிள்ளைகளைக் குளிக்க விட முடியாது.

என் பிரச்சினை மூன்று பேருக்கும் இருக்கிற வயது வித்தியாசம். மூத்தவளுக்கு 14, நன்றாக நீந்துவாள், கடலுக்கடியில் மீன் பார்க்க வேண்டும் என்று ஒரே ஆசை, ஆனால் "தம்பி தங்கச்சிக்காகப் போகிற பயணம் என்றால் நான் வரவில்லை" என்று இப்போதே சொல்லிவிட்டாள். நடுவிலானுக்கு 8, நீச்சல் அரைகுறை, தண்ணீரைக் கண்டால் சொல்வழி கேட்க மாட்டான். கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது, மத்தியானம் தூங்காவிட்டால் அன்றைக்கு இரவு வரை அழுகைதான். அம்மாவும் வருகிறா, முழங்கால் நோ, மரக்கறிச் சாப்பாடு.

இவர் ஹைவேயில் கெதியாகப் போய்விடலாம், பெந்தோட்டை அல்லது உனவட்டுனை என்கிறார். மச்சாள் மாலைதீவு என்கிறா. எனக்குப் பாசிக்குடாவா திருகோணமலையா என்று மனம் ஊசலாடுகிறது. இதே மாதிரி வயதுப் பிள்ளைகளோடு போனவர்கள் கொஞ்சம் விபரமாகச் சொல்லுங்கள். மூத்தவளைக் கடைக்குட்டிக்குக் காவல் வைக்காமல் அவளுக்கும் சந்தோசமான பயணமாக இருக்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

கல்குடாக்காரன் எழுதியது:

அக்கா, முதலில் காற்றைப் பார்த்து முடிவெடுங்கள், ஹோட்டலை அதற்குப் பிறகு பார்க்கலாம். ஓகஸ்ட் என்றால் சோளகக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுனை, மிரிஸ்ஸ எல்லாம் அலை எழும்பி அடிக்கும், பல நாட்களில் சிவப்புக் கொடிதான் பறக்கும். ஹைவே மூன்று மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய் விட்டாலும், எட்டு வயதுப் பிள்ளையைக் கரையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கா அவ்வளவு காசு? அந்தப் பக்கத்தை டிசம்பர் லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது வாடைக் காற்று கிழக்கில் மழையைக் கொட்டும், தெற்குக் கடல் அமைதியாக இருக்கும். ஓகஸ்ட்டில் கிழக்குதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை.

நான் வாழைச்சேனைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன், இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். உங்கள் சின்னவர்கள் இரண்டு பேருக்கும் பாசிக்குடாவை மிஞ்சி இந்த நாட்டில் இடம் இல்லை. வளைந்த குடா, வெளியே பவளப்பாறை அலையை உடைத்துவிடுவதால் உள்ளே வருகிற தண்ணீருக்கு வேகமே இருக்காது, நூறு இருநூறு மீற்றர் நடந்து போனாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். காலை ஆறரைக்கு இறங்கிப் பாருங்கள், அடியில் மணலின் வரி வரியான மடிப்புகூடத் தெரியும், கடைக்குட்டி கணுக்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்து மணல் அள்ளலாம்.

ஆனால் ஒரு விடயத்தை யாரும் சொல்வதில்லை, அதைக் கட்டாயம் கவனியுங்கள். ஓகஸ்ட்டில் எங்கள் பக்கம் அடிக்கிற கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். கடல் குளம் மாதிரிக் கிடக்கும், பார்த்தால் பயமே வராது, ஆனால் காற்றடித்த ரியூப், மிதக்கிற மெத்தை, வாத்து என்று எதில் பிள்ளை ஏறி இருந்தாலும் அதை மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு போகும். நீங்கள் போனை எடுத்து ஒரு படம் அனுப்பி முடிக்கிற நேரத்தில் கைக்கு எட்டாத தூரம் போய்விடும். அந்தச் சாமான்களை ஹோட்டல் நீச்சல் தடாகத்தோடு நிறுத்துங்கள். கடலில் என்றால் உடம்புக்கு அளவான, கொளுவி பூட்டுகிற லைஃப் ஜாக்கெட் மட்டும்.

அடுத்தது சனம். சனி ஞாயிறும் போயாவும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள், பொதுக் கரையில் பாட்டுச் சத்தமும் குடியும் இருக்கும். திங்கள் முதல் வியாழன் வரை போனால் கரை உங்களுக்குத்தான்.

உவர்மலை அக்கா எழுதியது:

தங்கச்சி, தம்பி சொன்னதில் கடைக்குட்டியின் பங்கு சரி. ஆனால் உங்கள் மூத்தவளுக்குப் பாசிக்குடாவில் என்ன இருக்கிறது? இடுப்பளவு தண்ணீரில் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும். நான் நிலாவெளி என்பேன், திருகோணமலை நகரிலிருந்து வடக்கே பதினாறு கிலோமீற்றர் அளவு.

புறாத்தீவு அங்கிருந்து படகில் கொஞ்ச நேரம்தான். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம், வனசீவராசிகள் திணைக்களத்துக்கு டிக்கெட் தனி, படகுக் காசு தனி, முகமூடியும் குழாயும் கரையிலேயே வாடகைக்குத் தருவார்கள். விடிய முதல் படகில் போகச் சொல்லுங்கள், ஒன்பது பத்து மணிக்குப் பிறகு ஆட்கள் நிறைந்து தண்ணீர் கலங்கிவிடும். அந்தத் தீவின் கரை பஞ்சு மணல் இல்லை, உடைந்த பவளத் துண்டுகள், வெறும் காலில் மிதித்தால் குத்தும், ஆகவே றப்பர் செருப்பு போதாது, காலோடு ஒட்டி நிற்கிற தண்ணீர்ச் சப்பாத்து வேண்டும். முகத்தைத் தண்ணீரில் வைத்தவுடன் கிளிமீன், வரி மீன், அதிர்ஷ்டம் இருந்தால் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாவும் பக்கத்தால் போகும், சீண்டாவிட்டால் அது தன் பாட்டில் போய்விடும். பவளத்தில் நிற்கவோ பிடிக்கவோ கூடாது என்று பிள்ளைக்கு முதலே சொல்லிவிடுங்கள், நிறையப் பவளம் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது.

இந்தப் பயணத்துக்குத் தகப்பனும் மகளும் மட்டும் போகட்டும். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஐந்தாறு பேரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகப் போக வேண்டும் என்று நினைத்தால் யாருக்கும் நிம்மதி இராது. ஒரு காலை மூத்தவளுக்கு, ஒரு பின்னேரம் நடுவிலானுக்கு என்று ஒரு பெரியவரோடு தனியாகக் கொடுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் கடைக்குட்டியோடு கரையில் இருக்கலாம். நிலாவெளியில் பாசிக்குடா போல் நீண்ட தூரம் ஆழமில்லாமல் இராது, கெதியாகவே ஆழம் பிடிக்கும். அதனால் அலை வந்து தொட்டுவிட்டுப் போகிற ஈர மணலில் ஒரு குழி தோண்டுங்கள், தானாகத் தண்ணீர் ஊறி நிற்கும், ஒன்றரை வயதுக்கு அதுவே கடல். கிழக்குக் கரை என்பதால் நாலு மணிக்குப் பிறகு வெயில் முதுகுப் பக்கம் போய், மரங்களின் நிழல் மணலில் விழும், பின்னேரம் அதுதான் நல்ல நேரம்.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்று. முழுக்கை நீச்சல் உடுப்பும் காற்சட்டையும் வாங்கிக் கொடுங்கள், வெயிலுக்கும் நல்லது, கரையில் முறைத்துப் பார்க்கிறவர்களைப் பற்றி அவள் யோசிக்கவும் தேவையில்லை. நாளைக் குறிக்க முதல் அவளுடைய மாதக் கணக்கையும் அவளிடமே கேட்டுவிடுங்கள், வந்து நின்று கடலில் இறங்க முடியாமல் போனால் பாவம் பிள்ளை.

அம்மாவுக்குத் திருகோணமலை என்றால் கேட்கவே வேண்டாம், கோணேசர் இருக்கிறார். வாகனத்தில் கிட்டப் போய் இறங்கலாம், ஆனாலும் கொஞ்சம் ஏற்றம் நடக்க வேண்டும், வெயில் ஏற முதல் போங்கள், கல் சுட்டால் வெறும் காலோடு நிற்க முடியாது. கோயிலுக்குப் போகிற வழியிலுள்ள கோட்டைக்குள் மான்கள் நிற்கும், நடுவிலானை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் நகரத்துக்குக் கிட்டத்தான், ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரும் ஒவ்வொரு சூடு.

வெள்ளவத்தை அம்மா எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. அந்தக் காற்று விடயத்தை இவருக்கும் வாசித்துக் காட்டினேன், பெந்தோட்டை கதை முடிந்தது. மகளோடு தகப்பன் மட்டும் போகிற யோசனை அவருக்கும் பிடித்துவிட்டது. இப்போது இரண்டு கேள்வி. மாலைதீவை முழுதாக விட்டுவிடலாமா? அப்புறம், கடைக்குட்டியோடு ஆறேழு மணித்தியாலம் வானில் எப்படிப் போவது?

தெஹிவளை அண்ணா எழுதியது:

மாலைதீவு பற்றி நான் சொல்கிறேன், குடும்பத்தோடு போய் வந்தவன். கொழும்பிலிருந்து மாலேக்கு ஒன்றரை மணித்தியாலம் அளவில் பறந்துவிடலாம், விசா இறங்கியதும் இலவசமாகத் தருவார்கள், போக முதல் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். அதுவரை லேசு. அதற்குப் பிறகுதான் செலவு. ரிசோர்ட்டுக்குப் போகிற வேகப் படகு அல்லது கடல் விமானத்துக்கு ஆளுக்குத் தனிக் காசு, கடல் விமானம் பகலில் மட்டும்தான் ஓடும் என்பதால் பின்னேரம் இறங்கினால் மாலேப் பக்கம் ஒரு இரவு தங்க நேரும். தங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆளுக்கும் பச்சை வரி (சுற்றுலா வருகிறவர்களிடம் எடுக்கிற சூழல் வரி), எல்லாம் டொலரில். உங்களுக்கு அம்மாவையும் சேர்த்து ஆறு பேர். மாஃபுஷி மாதிரி ஊர்ச் சனம் இருக்கிற தீவுகளில் விருந்தினர் விடுதி மலிவு, ஆனால் நீச்சல் உடுப்போடு குளிக்க ஒதுக்கிய கரை தனி, மற்ற இடத்தில் உடம்பை மூடித்தான் நடக்க வேண்டும்.

ஓகஸ்ட்டில் அங்கேயும் தென்மேற்குப் பருவக்காற்றுத்தான், மழையும் இருக்கும், படகு குலுக்கும். தண்ணீரின் அழகுக்கு ஈடு இல்லை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நடு இரவில் காய்ச்சல் வந்தால் தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவது கடல் பயணம். கடைக்குட்டிக்கு ஐந்தாறு வயது வரட்டும், ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போங்கள்.

கல்குடாக்காரன் எழுதியது:

பயணத்துக்கு அக்கா, விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுங்கள், சின்னவர்கள் தூங்கிக்கொண்டே குருநாகல் வரை வந்துவிடுவார்கள். மீரிகமையிலிருந்து குருநாகலுக்கு ஹைவே இருக்கிறது. தம்புள்ளையில் காலைச் சாப்பாடு, ஹபரணையில் இறங்கிக் கால் நீட்ட ஒரு இடம். ஓட்டத்தில் தூங்காத பிள்ளை என்றால் ஹபரணையில் ஒரு இரவு தங்கிவிடுங்கள், ஓகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாக் குளம் வற்றி, கரையில் புல் முளைக்க யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும், பின்னேர ஜீப்பில் அதைப் பார்க்க நடுவிலானுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஜீப் குலுக்கும், அம்மாவும் கடைக்குட்டியும் அறையில் இருக்கட்டும். எப்படிப் போனாலும் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டில் ஓட வேண்டாம், யானை வீதிக்கு வரும்.

உவர்மலை அக்கா பாசிக்குடாவில் பெரிய பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றது கொஞ்சம் கடுமை, பாறைக்கு வெளியே படகில் போய் மீன் பார்க்கலாம். ஆனால் புறாத்தீவு அதைவிட நல்லது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு தாதி எழுதியது:

பிள்ளைகள் வார்டில் வேலை செய்கிறேன், அதனால் இதை மட்டும் சொல்ல வந்தேன். தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை கத்தாது, கை அடிக்காது, சத்தமே இல்லாமல் போய்விடும். ஆறு பேர் கரையில் இருந்தால் ஆறு பேரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். ஆகவே "இப்போது நீங்கள்" என்று ஒரு பெரியவரின் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள், அவர் கையில் போன் இருக்கக் கூடாது, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். அந்தப் பொறுப்பை 14 வயதுப் பிள்ளைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். அவள் நன்றாக நீந்துபவள் என்றாலும் பிள்ளைதான். கையில் மாட்டுகிற காற்றுப் பட்டி பாதுகாப்புச் சாமான் இல்லை, விளையாட்டுச் சாமான்.

இழுவை நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும், இதை மூத்தவளுக்கும் நடுவிலானுக்கும் வீட்டிலேயே படம் கீறிக் காட்டுங்கள்.

காலை பத்து முதல் பின்னேரம் மூன்று மணி வரை சின்னவர்களை வெயிலில் விட வேண்டாம், அதுதான் கடைக்குட்டியின் தூக்க நேரமும், இரண்டும் பொருந்திப் போகும். வெயில் கிறீம் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் தண்ணீரால் ஏறியதும் திரும்பப் பூச வேண்டும், தொப்பியும் முழுக்கை உடுப்பும் அதைவிட நம்பிக்கையானவை. ஜீவனிப் பைக்கற் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிறது), பனடோல் சிறப், வெப்பமானி, நுளம்புக்குப் பூசுகிற கிறீம் எல்லாம் கொழும்பிலேயே வாங்கிக்கொண்டு போங்கள், கிழக்கிலும் டெங்கு இருக்கிறது. சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்க வேண்டாம், கடல் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள், மூச்சுக் கஷ்டமோ முகம் வீங்குவதோ தெரிந்தால் நேரே ஆஸ்பத்திரி.

வெள்ளவத்தை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு உட்கார்ந்து கதைத்தோம். முதல் இரவு ஹபரணை, பிறகு நிலாவெளியில் மூன்று இரவு, ஞாயிறு வெளிக்கிட்டு வியாழன் திரும்புகிறோம். பாசிக்குடாவையும் சேர்த்தால் பிள்ளைகள் வானிலேயே பாதி நாளைக் கழிப்பார்கள், அதை அடுத்த வருடத்துக்கு வைத்திருக்கிறோம். புறாத்தீவுக்கு எந்தக் காலை என்று மூத்தவளையே குறிக்கச் சொன்னோம், முகமூடி எது நல்லது என்று அவளே தேடத் தொடங்கிவிட்டாள். ஹோட்டலில் அம்மாவுக்கு மீன் சட்டி படாமல் மரக்கறி தருவார்களா என்பதுதான் மிச்சக் கவலை.

உவர்மலை அக்கா எழுதியது:

அறை போடும்போதே சொல்லிவிடுங்கள் தங்கச்சி, பெரும்பாலும் செய்து தருவார்கள். சந்தேகம் என்றால் குசினி உள்ள வீடாக எடுங்கள், நிலாவெளிப் பக்கம் குடும்பங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன, கடைக்குட்டிக்குக் கஞ்சி காய்ச்சவும் வசதி. நகரத்தில் சைவக் கடைகளும் உண்டு, இரவுக்கு இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வரலாம், ஏழு மணிக்கு முதல் போங்கள், பிந்தினால் முடிந்துவிடும்.