பழைய பர்மா தேக்குத் தரைக்கு எந்த பாலிஷ் தாங்கும்?

வேப்பேரிவாசி:
வேப்பேரியில் தாத்தா காலத்து வீடு, மாடி ஹால் முழுக்க பர்மா தேக்குப் பலகை. மேல்பூச்சு பல இடங்களில் உரிந்துவிட்டது, ஜன்னல் ஓரம் சாரல் பட்டு ஆணியைச் சுற்றிக் கறுத்துக் கிடக்கிறது. மற்றபடி பலகை திடம், எங்கும் உளுத்துப் போகவில்லை. ஒரு பாலிஷ்காரர் மெலமைன் என்கிறார், இன்னொருவர் பியூ (பாலியூரித்தேன் பூச்சு) என்கிறார், அம்மாவோ பிரெஞ்ச் பாலிஷ் தவிர எதுவும் கூடாது என்கிறார். தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வீடு, சாப்பாடும் தரையில் உட்கார்ந்துதான். பளபளப்பு வேண்டாம், மரம் மரமாகத் தெரிந்தால் போதும். எதைப் போடலாம்?

இழைப்புளி:
மெலமைனை விட்டுவிடுங்கள். அது பீரோ, கப்போர்டுக்கு நல்லது, ஆனால் விறைப்பான பூச்சு. ஐப்பசி மழையில் பலகை உப்பி, சித்திரை வெயிலில் சுருங்கும்போது இணைப்புகளில் வெடிக்கும். பிரெஞ்ச் பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதானே, ஊஞ்சலுக்கும் பூஜையறைக் கதவுக்கும் அந்த அழகு வேறு எதிலும் வராது, ஆனால் சுடச்சுட ரசப் பாத்திரத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள், வெள்ளை வளையம் விழுந்துவிடும்.

என் ஓட்டு ஹார்டனர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) கலக்கிற பியூவுக்கு, தண்ணீர் அடிப்படையிலான வகை, பளபளக்காத மேட். 3 கோட். ஒன்றை மட்டும் பாலிஷ்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள்: தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, அது பூச்சைப் பிடிக்க விடாது. அதனால் உப்புத்தாள் போட்டு முடித்ததும், முதல் கோட்டுக்குச் சற்று முன்னால், அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தே ஆகவேண்டும். உப்புத்தாளும் 60, 80, 120 நம்பர் என்று ஏறி அங்கேயே நிற்கட்டும், அதற்கு மேல் வழவழப்பாக்கினால் பூச்சுக்குப் பிடிமானம் குறையும்.

ஆளிவிதை:
நான் பியூ கட்சி இல்லை. புதிதாக இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், வாசல் பக்கம் கட்டிலை இழுத்து ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரி செய்வது பெரும்பாடு, ஒட்டுப்போட்டது தெரியும். எண்ணெயும் மெழுகும் சேர்ந்த ஹார்ட்வாக்ஸ் ஆயில் என்றால் தேய்ந்த இடத்தில் மட்டும் லேசாகத் தேய்த்துத் திரும்பப் பூசலாம், காலுக்கும் மரம்போலவே இருக்கும். அவ்வப்போது கவனிக்க வேண்டும், அதுதான் இதன் விலை.

ஆணியைச் சுற்றிய கறுப்பு, இரும்பும் ஈரமும் மரத்தோடு சேர்ந்து வந்த கறை. ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் அதை வெளுக்கும். கையுறை போட்டுக்கொண்டு பூசி, அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள்.

வேப்பேரிவாசி:
நன்றி. இப்போது மேலே இருப்பது என்ன பூச்சு என்றே தெரியவில்லை, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மாவைச் சமாதானப்படுத்தவும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

மாடிவீட்டுக்காரி:
பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மூலையில் சற்று நேரம் வையுங்கள், பிசுபிசுத்தால் அரக்கு. டர்பன்டைனில் துடைத்துத் துணியில் மஞ்சளாக வழவழவென்று ஏதாவது வந்தால் மெழுகு, அது துளி மிச்சமிருந்தாலும் பியூ ஒட்டாது. ஓரங்களில் பழைய பெயின்ட் இருந்தால் அதை உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், அந்தக் காலத்து பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை.

அம்மாவுக்கு ஒரு வழி இருக்கிறது. மெழுகு நீக்கிய அரக்கை அடிப்பூச்சாக மெல்லிசாக ஒரு கோட் கொடுங்கள். அவர் கேட்கிற அந்தத் தேன் நிறம் வந்துவிடும், தேக்கின் எண்ணெயையும் அடக்கும், அதன்மேல் தண்ணீர் பியூ பிடிக்கும். சாதாரண அரக்கில் மெழுகு உண்டு, அது சரிப்படாது. முழு ஹாலில் இறங்குமுன் கட்டிலுக்கு அடியில் ஒரு பலகையில் செய்து பாருங்கள்.

கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள், காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெளுத்துப்போகும். தை பிறக்கட்டும்.

இழைப்புளி:
அந்த அடிப்பூச்சு நல்ல யோசனை, நானும் அதற்கே ஓட்டு. பியூ அடிக்கிறவருக்கு சாதா துணி மாஸ்க் போதாது, ரசாயன ஆவியைத் தடுக்கிற கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். ஆளிவிதை சொன்ன எண்ணெய் வழி என்றால், துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் பக்கெட்டில் முக்கி வையுங்கள்.