ஞாயிறு பொங்கலோ மட்ச்சோ

குழு: செல்லம்மா வீட்டார் 🌺
வியாழக்கிழமை

7:41 வசந்தி: ஞாயிறு காலம பத்திரகாளி அம்மன் கோயிலில பொங்கல் எண்டு எல்லாருக்கும் சொன்னனான்தானே

7:41 வசந்தி: அப்ப இது என்ன

7:42 வசந்தி: [படம்: மட்ச் நோட்டீஸ்]

7:42 வசந்தி: ஏழாவது பேரைப் பாருங்கோ. என்ர கஜன்

7:44 நிரோ: ஐயோ

7:44 குகன்: 🙈

7:45 வசந்தி: குகன் உனக்குத் தெரியும் என்ன

7:45 குகன்: மாமி நான் 12ஆவது ஆள். எனக்கு ஒண்டும் தெரியாது

7:46 ராஜி ரீச்சர்: எந்த மைதானம்?

7:46 குகன்: ஏகாம்பரம். 9 மணிக்கு

7:48 வசந்தி: கடைசிக் கீமோ முடிஞ்சு இன்னும் ஒரு வருசமாகேல்ல. எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்ல. பக்கத்து வீட்டுக்காரி பேஸ்புக்கில காட்டித்தான் எனக்கே தெரியும். "உங்கட மகன் திரும்ப இறங்குறார் போல" எண்டு சிரிச்சுக்கொண்டு கேக்கிறா

7:49 பாஸ்கரன்: விடுங்கோ அக்கா. பெடியன் விளையாடட்டும்

7:49 வசந்தி: நீ கதையாத. பற் வாங்கிக் குடுத்துப் பழக்கினதே நீதான்

7:50 குகன்: பெரியப்பா டைப் பண்ணுறார். எல்லாரும் தேத்தண்ணி ஊத்துங்கோ

7:57 தவம் (கனடா): வசந்தி, பதகளிக்காத. நான் விளங்கப்படுத்துறன். இந்திய கிரிக்கெட் ஆட்டக்காரன் யுவராஜ் சிங்கை எடு. 2011 உலகக் கிண்ணத்தில 362 ரன், 15 விக்கெட், தொடரின்ர சிறந்த ஆட்டக்காரன் அவன்தான். அந்த நேரமே நெஞ்சுக்குள்ள கட்டி. இருமினா இரத்தம். சென்னையில வெஸ்ட் இண்டீசுக்கு 113 அடிச்ச அண்டைக்கு மைதானத்திலயே சத்தி எடுத்தவன். வெயில் எண்டு நினைச்சவை. பிறகுதான் தெரிஞ்சது, ரெண்டு நுரையீரலுக்கும் நடுவில ஜேர்ம் செல் கட்டி, இனப்பெருக்கக் கலத்தில தொடங்குற கான்சர். எங்கட கஜனுக்கு வந்த அதே சாதி. 2012 தொடக்கத்தில அமெரிக்காவில இண்டியானாபொலிஸ் போய் மூண்டு சைக்கிள் கீமோ. அதே வருசம் செப்டெம்பர் 11, சென்னையில நியூசிலாந்தோட இறங்கிட்டான். 26 பந்தில 34. பிறகு 2017 இல கட்டாக்கில இங்கிலாந்துக்கு 150. அதுதான் அவன்ர ஒருநாள் மட்ச் கூடின ஓட்டம். வருத்தத்துக்கு முதலும் அவ்வளவு அடிக்கேல்ல. இதெல்லாம் அவன் எழுதின புத்தகத்தை வைச்சு யோசி (150 மட்டும் புத்தகத்துக்குப் பிறகு நடந்தது). அம்மான்ர 80ஆவது பிறந்தநாளுக்கு நான் வரேக்க கொண்டந்து தந்த புத்தகம்

7:58 பாஸ்கரன்: 🙏

7:58 ராஜி ரீச்சர்: 150 ஓட்டம் "கூடின" இல்லை அண்ணா, அதிகூடிய

7:59 குகன்: சென்னை மட்ச் 1 ரன்னால தோத்தது பெரியப்பா. அதையும் சொல்லுங்கோ

8:00 வசந்தி: அண்ணா, யுவராஜுக்கு டொக்டர்மார் பக்கத்தில நிண்டிருப்பினம். இவனுக்கு ஏகாம்பரத்தில ஆர் நிக்கிறது? சோடா விக்கிறவனோ

8:01 நிரோ: சித்தி, போன மாசம் செய்த ஸ்கான் சுத்தம். நுரையீரல் பரிசோதனையும் செய்தாச்சு. ஓடலாம் எண்டு டொக்டர் சொன்னவர்

8:01 வசந்தி: ஓடலாம் எண்டுதான் சொன்னவர். பந்து போடலாம் எண்டோ?

8:02 நிரோ: பந்து போட ஓடத்தானே வேணும் 😅

8:03 பாஸ்கரன்: அண்ணா 2014 ஐ விட்டுட்டார். டாக்கா T20 உலகக் கிண்ண ஃபைனல், எங்களோட, இலங்கையோட. யுவராஜ் 21 பந்து பிடிச்சு 11. இந்தியா தோத்த உடன அவன்ர வீட்டுக்குக் கல்லெறிஞ்சவங்கள். கான்சரில தப்பி வந்தவனுக்கு. நான் அண்டைக்குச் சாப்பிடேல்ல

8:03 வசந்தி: அப்ப ஏன் போறான்? கல்லெறி வாங்கவோ

8:04 ராஜி ரீச்சர்: "எங்களோட" எண்டு பாஸ்கரன் சொல்லுறான், எல்லாரும் கவனியுங்கோ. 2011 ஃபைனல் இரவு எங்கட வீட்டு வாசலில சீன வெடி கொளுத்தினது ஆர்? எங்கட மஹேல 103 அடிச்சும் இந்தியாட்டத் தோத்துப் போய்க் கிடக்கிறம், இவர் வெடி

8:05 பாஸ்கரன்: அக்கா அது 14 வருசத்துக்கு மேல. அத்தானிட்ட மன்னிப்புக் கேட்டனான்

8:05 ராஜி ரீச்சர்: மூண்டு மாசம் கழிச்சு

8:06 நிரோ: அப்பா அதுக்குப் பிறகும் சின்ன மாமாவோடதான் மட்ச் பாத்தவர். விடுங்கோ அம்மா

8:07 ராஜி ரீச்சர்: அவர் இருந்திருந்தா ஞாயிறு முதல் ஆளா ஏகாம்பரத்தில கதிரை போட்டிருப்பார். அதையும் சொல்லத்தான் வேணும்

8:11 தவம் (கனடா): இன்னொரு விசயம். யுவராஜைப் பாத்த டொக்டர் லோரன்ஸ் ஐன்ஹோர்ன். சிஸ்பிளாட்டின் எண்ட மருந்தை மற்ற மருந்துகளோட சேர்த்துக் குடுத்து இந்தச் சாதிக் கான்சரைச் சுகமாக்கலாம் எண்டு 1970களில காட்டினவர் அவர்தான். அதுக்கு முதல் பரவினா பெரும்பாலும் ஆள் தப்பாது. அதே இண்டியானா ஆஸ்பத்திரியிலதான் சைக்கிள்காரன் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்குக்கும் வைத்தியம். 1996 இல, 25 வயசில. நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி. அவனுக்கு நுரையீரலைப் பாதிக்கிற மருந்தை விட்டிட்டு வேற மருந்து குடுத்தவை, திரும்ப ஓடோணும் எண்டு. அவன்ர புத்தகத்தை வாசிச்சுத்தான் யுவராஜும்

8:12 ராஜி ரீச்சர்: அண்ணா அவன் கள்ளன்

8:12 தவம் (கனடா): வருத்தத்தில கள்ளமில்லையே ராஜி

8:14 ராஜி ரீச்சர்: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தில வெண்ட ஏழு பட்டமும் 2012 இல பறிச்சாச்சு. 2013 தையில தொலைக்காட்சியில இருந்து தானே ஒத்துக்கொண்டான், ஊக்கமருந்து எடுத்தனான் எண்டு. யுவராஜின்ர புத்தகம் வந்ததும் அதே வருசம். நான் அந்தப் பக்கங்களை வாசிக்கேக்க பென்சிலால ஒரு கேள்விக்குறி போட்டு வைச்சனான். ஆம்ஸ்ட்ரோங் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பற்றி எழுதினதை நம்புறன். சைக்கிளைப் பற்றி எழுதினதை நம்பேல்ல. ஒரே ஆள், ஒரே பேனை. பள்ளிக்கூடத்தில பிள்ளைகளுக்கு இதை எப்பிடிப் படிப்பிக்கிறது எண்டு பென்சன் எடுத்தும் யோசிக்கிறன்

8:15 குகன்: மாமி 👏

8:15 பாஸ்கரன்: யுவராஜ் கள்ளமில்ல

8:16 ராஜி ரீச்சர்: நான் யுவராஜைச் சொல்லேல்ல. வாசி

8:17 வசந்தி: எனக்குச் சைக்கிள்காரனும் வேண்டாம் சிங்கும் வேண்டாம். பொங்கலுக்கு எத்தினை பேர்? வான் சொல்லோணும்

8:17 நிரோ: நான் சனி இரவு மட்டக்களப்பிலயிருந்து வருவன்

8:18 பாஸ்கரன்: என்ர வான் இருக்கு

8:18 வசந்தி: உன்ர வானில போனமுறை கன்னியாவில நிண்டது

8:19 பாஸ்கரன்: பற்றரி மாத்தியாச்சு

8:20 வசந்தி: மற்றது அம்மா நேர்த்தி வைச்சது மொட்டை. அதையும் ஞாயிறே முடிப்பம்

8:20 குகன்: மொட்டையா 😳

8:20 நிரோ: சித்தி இப்பதான் அவனுக்கு முடி முளைச்சிருக்கு!!

8:21 வசந்தி: அம்மாட்டக் கேளுங்கோ. ஊசி போட ஏத்தேக்க கோணேசரிட்ட வைச்சவா. முடி போச்சுத்தானே, அதையே கணக்கில எடுக்கச் சொன்னா கேக்கிறாவில்ல. சாமி எடுத்தது வேற நாங்கள் குடுக்கிறது வேறயாம்

8:22 பாஸ்கரன்: 😂😂 அம்மா அம்மாதான்

8:22 ராஜி ரீச்சர்: அப்ப மொட்டை கோணேசரில, பொங்கல் பத்திரகாளியில, மட்ச் ஏகாம்பரத்தில. ஒரே காலம

8:25 தவம் (கனடா): பொங்கல் முடிய அந்தப் புத்தகத்தின்ர கடைசிப் பகுதியை ராஜி எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டட்டும். நான் வீடியோவில நிப்பன். புத்தகம் இப்ப ஆரிட்ட?

8:25 ராஜி ரீச்சர்: நான் குகனிட்டக் குடுத்தனான்

8:26 குகன்: நான் கஜனிட்டக் குடுத்தனான். மகரகம கான்சர் ஆஸ்பத்திரிக்குப் போகேக்க

8:26 தவம் (கனடா): காசு குடுத்து வாங்கின புத்தகம். ஸ்கானுக்கு அனுப்பின காசைப் பற்றி நான் ஒருநாளும் கதைக்கேல்ல, ஆனா ஒரு புத்தகத்தைப் பவுத்திரமா

8:27 ராஜி ரீச்சர்: இப்ப கதைச்சாச்சு

8:27 பாஸ்கரன்: அடுத்தது நிலாவெளிக் காணி வரும்

8:28 தவம் (கனடா): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

8:33 கஜன்: புத்தகம் என்னட்ட இல்ல மாமா

8:33 வசந்தி: ஆ வந்திட்டார். எங்க நிக்கிறாய்

8:34 கஜன்: கிறவுண்டில

8:34 தவம் (கனடா): எங்க வைச்சனி?

8:35 கஜன்: ஆஸ்பத்திரி வோட்டில பக்கத்துக் கட்டில் அண்ணாட்டக் குடுத்தனான். பிபிலைப் பக்கம். வொலிபோல் விளையாடினவர். இங்கிலீஷ் வராது, படம் பாப்பார். நான் எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சொல்லுவன். சென்னை மட்ச் கதையைத் திருப்பித் திருப்பிக் கேப்பார். 1 ரன்னால தோத்ததுக்கு ஒவ்வொரு முறையும் கவலைப்படுவார்

8:36 தவம் (கனடா): நம்பர் இருந்தா ஒருக்கா எடுத்துக் கேளன். தபாலில அனுப்பலாம்தானே

8:36 கஜன்: அவர் இல்ல மாமா

8:37 கஜன்: மாசியில

8:37 பாஸ்கரன்: இறால் பெரிசு வந்திருக்கு, இண்டைக்கு வலை. வேணுமெண்டா 9க்கு முதல் சொல்லுங்கோ 🦐

8:38 பாஸ்கரன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

8:38 பாஸ்கரன்: கடைக் குழுவுக்குப் போட்டது. குறை நினைக்காத தம்பி

8:41 நிரோ: நீ எனக்கும் சொல்லேல்லயேடா

8:42 கஜன்: என்னத்தைச் சொல்ல அக்கா

8:44 தவம் (கனடா): புத்தகம் அங்கயே இருக்கட்டும்

8:45 கஜன்: அவர்ர மகனிட்ட இருக்கும். 9 வயசு

8:49 ராஜி ரீச்சர்: அதே 2011 இல, ஃபைனல் தோத்த சில மாசத்தில, தெல்லிப்பளை கான்சர் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்கத் தெய்வேந்திரமுனையிலயிருந்து பருத்தித்துறை மட்டும் நடந்தவை. மஹேலவும் நடந்தவர். அவர்ர தம்பி சின்ன வயசில மூளையில கட்டி வந்து செத்தவன். உங்கட அத்தான் அந்த நடைப் படத்தைப் பேப்பரில வெட்டி வைச்சிருந்தவர். தேடினா கிடைக்கும். கஜனுக்குத் தாறன்

8:50 கஜன்: ஓம் பெரியம்மா

8:52 வசந்தி: விரல் எப்பிடி

8:52 கஜன்: அப்பிடியேதான்

8:53 பாஸ்கரன்: என்ன விரல்?

8:54 நிரோ: சிஸ்பிளாட்டின் நரம்பைப் பிடிக்கும் மாமா. நுனி விரல் மரத்துப் போகும். சிலருக்கு மாசக்கணக்கில, சிலருக்கு முழுசா மாறாது. சட்டைப் பொத்தான் பூட்டவே கஷ்டப்பட்டவன்

8:55 பாஸ்கரன்: அப்ப எப்பிடியடா ஸ்பின் போடுறாய்? தையலைத் தடவித்தானே பிடிக்கிறது

8:57 கஜன்: பாத்துப் பிடிக்கிறன். தையலில சிவப்பு மையால ஒரு கோடு கீறி வைச்சுப் பழகினது. இப்ப கோடு இல்லாம வருது. பந்து முந்திப்போலத் திரும்புதில்ல. நேரா போகுது. ஆனா அவங்களுக்கு அது தெரியாதுதானே

8:57 குகன்: நேற்று என்ர நடுத் தடியைக் கழட்டினது அந்த நேர்ப் பந்துதான் மச்சான்

8:58 வசந்தி: நேற்றோ? நீ ஒண்டும் தெரியாது எண்டனி

8:58 குகன்: 🏃

9:01 தவம் (கனடா): எத்தினை ஓவர் போடப் போறாய்?

9:01 கஜன்: 4 கேட்டவை. 2 எண்டு சொன்னனான்

9:02 வசந்தி: ஃபீல்டிங்?

9:02 கஜன்: ஸ்லிப். ஓடத் தேவையில்ல அம்மா

9:04 நிரோ: அம்மம்மா குரல் பதிவு அனுப்பியிருக்கிறா, 2 நிமிசம் 40 செக்கன். முக்கால்வாசி ராஜி வீட்டுப் பூங்கண்டை மான் திண்ட கதை

9:04 ராஜி ரீச்சர்: செவ்வரத்தை முழுக்கப் போச்சு. கோட்டையில நிக்கிற மான் உவர்மலைக்கு ஏன் வருது?

9:05 நிரோ: கடைசியில சொல்லுறா, பொங்கலை 5 மணிக்கு வைக்கட்டாம். 8 மணிக்குப் பெடியனைக் கிறவுண்டில விடட்டாம். மொட்டையைப் பற்றிக் கோணேசரிட்டத் தான் கதைக்கிறாவாம்

9:05 குகன்: தவணை கேக்கப் போறா 😂

9:06 ராஜி ரீச்சர்: 5 மணிக்கு ஐயர் வருவாரோ?

9:06 பாஸ்கரன்: நான் கேட்டுச் சொல்லுறன்

9:07 வசந்தி: நான் இன்னும் ஓம் சொல்லேல்ல

9:15 வசந்தி: கஜன் அந்த வெள்ளை உடுப்பு எங்க? மேல் பெட்டியில இல்ல. துவைச்சுக் காயப்போடோணும்

9:16 கஜன்: கலர் ஜெர்சி அம்மா. கிளப்பில தருவினம்

9:17 வசந்தி: சாப்பிட வா

9:20 தவம் (கனடா): வீடியோவை எத்தினை மணிக்குப் போடுவியள்? இங்க சனி இரவு

9:31 பாஸ்கரன்: ஐயர் போன் எடுக்கிறாரில்ல. காலம பாப்பம். இறால் உண்மையா ஆருக்கும் வேண்டாமோ?

9:32 ராஜி ரீச்சர்: பொங்கலுக்கு விரதம்