அண்ணன் காதுல சில்வண்டு

(நம்ம வீட்டு ஆளுங்க, செவ்வாய் இரவு)

செந்தில் 9:12: அப்பா 4 நாளா தூங்கல. ரெண்டு காதுலயும் கொய்ங்னு சத்தமாம். நாளைக்குக் காலைல 10:30க்கு ஆடியோகிராம் (எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு பார்க்கிற சோதனை) எடுக்க நேரம் வாங்கிட்டேன். யாராவது கூடப் போகணும். நான் இங்கேர்ந்து போன் மட்டும்தான் பண்ண முடியும்.

கோமதி: ஐயோ அண்ணனுக்கா

கோமதி: என்கிட்ட யாருமே சொல்லல

சரோஜா: 4 நாள் இல்ல செந்தில். ரெண்டு வருஷமா இருக்கு. இப்பதான் வாயைத் திறந்திருக்கார்.

மூர்த்தி: நாளைக்கா? எனக்கு 11 மணிக்கு ஒரு வேலை இருக்கே

சுந்தரம்: பிரஸ்ல 28 வருஷம் அந்த மெஷினுக்குப் பக்கத்துல நின்னவரு. காதை அடைச்சுக்குங்க மச்சான்னு சொன்னா கேட்டாரா

சரோஜா: இப்ப அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது

கோமதி: [பலமுறை முன்னனுப்பப்பட்டது] இந்த 1 நிமிட ஆடியோவை ஃபுல் வால்யூமில் ஹெட்போனில் கேளுங்கள்!! காது இரைச்சல் நிரந்தரமாக நின்றுவிடும்!! 10 பேருக்கு அனுப்பவும்

சுந்தரம்: இதை நேத்தே மச்சானுக்குப் போட்டுக் காட்டினேன். டக்குனு நின்னுடுச்சு

கோமதி: நேத்து அண்ணன் வீட்டுக்குப் போனீங்களா?

சுந்தரம்: ஆம்ப்ளிஃபயர் கேக்கப் போனேன்

சரோஜா: அரை நிமிஷம்கூட நிக்கல. திரும்ப வந்துடுச்சு.

காவ்யா 9:31: மாமா, தயவுசெஞ்சு ஃபுல் வால்யூம்ல எதையும் போடாதீங்க. இருக்கிற காதும் போயிடும். அது நின்னதுக்குக் காரணம் அந்த ஆடியோ ஸ்பெஷல்ங்கிறது இல்ல. வெளியில இருந்து ஒரு சத்தத்தைக் கொஞ்ச நேரம் குடுத்து நிறுத்தினா, நிறைய பேருக்கு உள்ள கேக்கிற சத்தமும் சில நொடி அடங்கும், மிஞ்சிப்போனா ஒரு நிமிஷம். அதைக் காட்டித்தான் இப்படி ஃபார்வர்டு ஓடுது. பெரியம்மா, ஒரு காதுல மட்டும் அதிகமா? நாடி துடிக்கிற மாதிரி டப் டப்னு வருதா? திடீர்னு காது கேக்காமப் போச்சா? இதுல ஏதாவது இருந்தா தள்ளிப்போடாம டாக்டரையே பார்க்கணும்.

சரோஜா: அதெல்லாம் இல்லம்மா. சில்வண்டு மாதிரிங்கிறார். ரெண்டு பக்கமும்.

சுந்தரம்: காது படிப்புக்கு வேலை வந்துடுச்சு

மூர்த்தி: அந்தப் படிப்புல என்ன இருக்குன்னு அன்னைக்குக் கேட்டது யாரு?

சுந்தரம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செந்தில்: காவ்யா, ஒரு ஆப் இருக்கு. நான் வீடியோ கால்ல ஒவ்வொரு சுருதியா வாசிச்சுக் காட்டி அப்பாவோட சத்தத்தைக் கண்டுபிடிச்சேன். 6000 ஹெர்ட்ஸ். அவருக்குன்னே தனியா ஒலி தயார் பண்ணிக் குடுக்குமாம். காசு கட்டிடவா?

காவ்யா: வீடியோ கால்லயா அண்ணா!! போன் வழியா 6000 ஒழுங்கா போய்ச் சேரும்னே சொல்ல முடியாது. இன்னொன்னு, இதுல ஒரு ஸ்தாயி, அதாவது ரெண்டு மடங்கு ஹெர்ட்ஸ், மாறிப்போறது சகஜம். 3000ல கேக்கிறவங்க 6000தான்னு அடிச்சுச் சொல்லுவாங்க, ரெண்டும் ஒரே ஸ்வரமாத் தெரியும். அதனாலதான் சோதனை பண்ற இடத்துல திருப்பித் திருப்பிக் கேட்டு உறுதி பண்ணுவாங்க. கட்டாதீங்க.

சரோஜா: லாரி ஹாரன் அளவுக்குக் கேக்குதுங்கிறார். நம்பறதா வேணாமா?

காவ்யா: நம்புங்க பெரியம்மா. வெளிச்சத்தத்தோட ஒப்பிட்டு அளந்தா, பல பேருக்கு அவங்க காது கேக்க ஆரம்பிக்கிற அளவைவிட 10 டெசிபல்கூட அதிகம் வராது. ஆனா படுற பாடு அந்த எண்ணுல தெரியாது. மெஷின் சத்தத்துல உள்காது செல்கள் செத்துப்போகும், பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் முதல்ல அடிபடும். அங்கேர்ந்து மூளைக்குச் சேதி குறையும். மூளை சும்மா இருக்காம தன் வால்யூமை ஏத்திக்குதுனு சொல்றாங்க. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவைத் திருகினா உஸ்ஸுங்குமே, அப்படி.

கோமதி: பாவம் அண்ணன்

கோமதி: எனக்கும் சில நேரம் கேக்குதே

சுந்தரம்: உனக்குக் கேக்குறது உன் குரல்

செந்தில்: பாட்டை வெட்டிக் கேக்க வைக்கிற முறை ஒன்னு இருக்காமே?

காவ்யா: ஆமா. பிடிச்ச பாட்டுல அந்த இரைச்சல் இருக்கிற சுருதியைச் சுத்தி ஒரு ஸ்தாயி அகலத்துக்கு ஒலியை எடுத்துட்டுக் கேக்க வைக்கிறது. 2010ல ஜெர்மனியில மியூன்ஸ்டர் குழு ஒரு வருஷம் கேக்க வெச்சு, இரைச்சல் குறைஞ்சதா எழுதினாங்க. ரொம்பச் சின்ன குழு. அப்புறம் நடந்த பெரிய சோதனையில அவ்வளவு தெளிவா வரல. 2018ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற அமைப்பு, காது மெஷின், காதுக்குள்ள லேசான சத்தம் குடுக்கிற கருவி எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தது. ஒன்னைவிட ஒன்னு மேல்னு சொல்ல ஆதாரம் கிடைக்கல.

சுந்தரம்: அவருக்குப் பிடிச்ச பாட்டை வெட்டினா நம்மளை வெட்டிடுவாரு

மூர்த்தி: சுருக்கமா சொல்லும்மா. பண்ணணுமா வேணாமா

காவ்யா: ஒலி சிகிச்சை பண்ணலாம்பா. அவருக்கேத்ததுன்னா ஆப்ல வர்றது இல்ல. அவர் காதுல எந்த சுருதி எவ்வளவு கேக்கலை, எந்தச் சத்தம் அவருக்கு எரிச்சல் இல்ல, எந்த நேரத்துல கஷ்டம், இதை வெச்சு அமைக்கிறது. காது மந்தம் இருந்தா முதல் சிகிச்சை காது மெஷின்தான். வெளிச்சத்தம் உள்ள போனாலே பாதிப் பேருக்கு நிம்மதின்னு எங்க மேடம் சொல்லுவாங்க. செந்தில் அண்ணா வாங்கிக் குடுத்தது எங்க?

செந்தில்: நல்லா கேளு

சரோஜா: பீரோல இருக்கு. டப்பாவைப் பிரிக்கல.

செந்தில்: 5 வருஷமா!

சரோஜா: கிழவன் ஆக்கிட்டான்னு உன்மேல கோவம் அவருக்கு

காவ்யா: நாளைக்கு அதையும் எடுத்துட்டுப் போங்க. புது ஆடியோகிராமுக்கு ஏத்தமாதிரி மாத்தி வைக்க முடியுமான்னு கேக்கணும். இன்னைக்கு ராத்திரி நிசப்தத்துல மட்டும் படுக்க வேணாம். ஃபேன், மழைச் சத்தம், எதுவா இருந்தாலும் லேசா ஓடட்டும். சில்வண்டை மூழ்கடிக்கக் கூடாது, ரெண்டும் கலந்து கேக்கணும். அப்பதான் நாளாவட்டத்துல மூளை அதைக் கண்டுக்காம விடப் பழகும். மாசக்கணக்காகும்.

சரோஜா: ஃபேனா?

சரோஜா: கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த ஃபேனுக்குத்தான் சண்டை. சத்தம்னு நான் தூங்கினதும் அணைச்சிடுவார். அவர் கண்ல படுற மாதிரி இன்னொரு தடவை எழுதும்மா.

காவ்யா: ஃபேன் போடுங்க பெரியப்பா

கோமதி: அண்ணி ஜெயிச்சாச்சு

ராஜமாணிக்கம் 10:41: 2ல வெச்சிருக்கு

சரோஜா: 3

காவ்யா: சில்வண்டு இன்னும் கேக்குதா பெரியப்பா?

ராஜமாணிக்கம்: லேசா

காவ்யா: அப்ப 2 போதும் பெரியம்மா

சரோஜா: எனக்குப் புழுங்குது

செந்தில்: நாளைக்கு யார் போறீங்கன்னு இன்னும் யாரும் சொல்லல

சுந்தரம்: 9:45க்கு நான் வரேன். மச்சான், ஆம்ப்ளிஃபயரை எடுத்து வெச்சிடுங்க

ராஜமாணிக்கம்: எந்த ஆம்ப்ளிஃபயர்

கோமதி: இதுக்கு மட்டும் காது கேக்காது அண்ணனுக்கு

மூர்த்தி: நானும் 10 மணிக்கு வரப் பார்க்கிறேன். 11க்குள்ள முடியுமா?

காவ்யா: சொல்ல முடியாதுப்பா

செந்தில்: சரி யாராவது ஒருத்தர். காது மெஷின் டப்பாவை மறக்காதீங்க

சரோஜா: பீரோ சாவி அவர்கிட்ட. கேட்டா தூங்குற மாதிரி இருக்கார்.