ஃபில்கிராஸ்டிம் ஊசி: பாளையிலிருந்து அம்பை வரை குளிர்ச்சி கெடாம எப்படி?

அம்பை மருந்துக்கடை:
பாளையங்கோட்டையில கீமோ முடிச்சிட்டு, வெள்ளையணுவை ஏத்துற ஃபில்கிராஸ்டிம் 300 மைக்ரோகிராம் சிரிஞ்சு அஞ்சு வாங்கிட்டு அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறுதாங்க. சித்திரை வெயிலு. சிலர் பிளாஸ்டிக் பையில ஐஸ் கட்டி மேலயே வச்சுக் கொண்டுவாறாங்க. எப்படிக் கட்டிக் குடுத்தா சரியா வரும்? மருந்தை எப்ப ஆரம்பிக்கணும், எப்ப நிறுத்தணும்னும் கேக்குதாங்க.

பாளை வார்டு சிஸ்டர்:
அண்ணாச்சி, ஐஸ் மேல நேரா வைக்கவே கூடாது. இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். ஃப்ரீசரிலிருந்து அப்பத்தான் எடுத்த ஜெல் பேக், ஊசியை உறைய வச்சிரும். உள்ள தண்ணி அடைச்ச ஐஸ் பேக்கா இருந்தா கொஞ்ச நேரம் வெளியே போடுங்க. காதுகிட்ட வச்சு ஆட்டினா உள்ள தண்ணி அசையுற சத்தம் கேக்கணும், அப்பத்தான் பொட்டிக்குள்ள வைக்கலாம். அதுக்கும் சிரிஞ்சு அட்டைக்கும் நடுவுல மடிச்ச துண்டு ஒண்ணு. தெர்மாகோல் பொட்டி போதும், பஸ்ஸில ஜன்னல் வெயில் படாம காலடியில வைக்கச் சொல்லுங்க.

வீட்டுல ஒத்தைக் கதவு பிரிட்ஜா இருந்தா ஃப்ரீசருக்கு நேர் கீழே வேண்டாம், பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், கதவுலயும் வேண்டாம். நடுத்தட்டு. அறை வெப்பத்துல 24 மணி நேரம் தாங்கும்னு முதல்ல வந்த கம்பெனி மருந்தோட சீட்டுல இருக்கு. அதை நம்ம ஊர் மதிய வெயிலுக்குன்னு எடுத்துக்கக் கூடாது. உறைஞ்சிருந்தாலும், சூடு ஏறியிருந்தாலும் மருந்து பாக்கத் தெளிவாத்தான் இருக்கும், கண்ணால பாத்து முடிவு பண்ண முடியாது. வாங்கின மருந்தோட கம்பெனிச் சீட்டைப் பாத்து, அட்டையில இருக்குற நம்பருக்குக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. போடுறதுக்கு அரை மணி முன்னாடி வெளியே எடுத்து வச்சா எரிச்சல் குறையும். வயித்துல தொப்புளைச் சுத்தி ரெண்டு இஞ்சு விட்டுட்டு, இல்லைன்னா தொடை முன்பக்கம், தினமும் இடம் மாத்தி. போட்ட ஊசி கெட்டி டப்பாவுக்குள்ள போகணும், குப்பைக்கூடைக்கு இல்ல.

நோயெதிர்ப்பியல் ஆள்:
இதெல்லாம் ஏன்னு தெரிஞ்சா நோயாளிகிட்டச் சொல்ல எளிது. ஃபில்கிராஸ்டிம் ஒரு சைட்டோகைன். செல்லுக்குச் செல் சேதி சொல்ற புரதம். உடம்பே சுரக்கிற ஜி-சிஎஸ்எஃப்ங்கிற புரதத்தோட நகல், ஈகோலை பாக்டீரியாவில தயாரிக்கிறது. அமெரிக்காவுல 1991-ல அனுமதி ஆச்சு. எலும்பு மஜ்ஜைக்கு ‘நியூட்ரோஃபில் உண்டாக்கு’ன்னு சேதி சொல்லும். நியூட்ரோஃபில்னா கிருமியை எதிர்க்குற வெள்ளையணு. புரதம்கிறதால மாத்திரையாக் குடுத்தா வயித்துலயே செரிச்சிரும். நன்னாரி சர்பத் கலக்குற மாதிரி சிரிஞ்சைக் குலுக்கினா, நுரையில பட்டு மடிப்புக் கலைஞ்சு புரதம் திரண்டுக்கும். சேதி போய்ச் சேராது.

ரத்தத்துல அரை ஆயுள் சுமார் மூணரை மணி நேரம்தான். அதான் தினமும் ஊசி. இதோட நீண்ட நேரம் நிக்கிற வடிவமான பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மில்லிகிராம் ஒரு கீமோ சுற்றுக்கு ஒரு தடவை போதும். பெரிய மூலக்கூறு ஒட்டியிருக்கிறதால சிறுநீரகம் சட்டுனு வெளியேத்தாது. பெரும்பாலும் நியூட்ரோஃபிலே அதை எடுத்துக்கும். எண்ணிக்கை ஏற ஏற மருந்தும் தானா வடியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இது.

கீமோ முடிஞ்சு 24 மணி நேரத்துக்குள்ள போடக் கூடாது. அடுத்த கீமோவுக்கு முந்தின 24 மணி நேரத்துலயும் கூடாது. மஜ்ஜை வேகமாப் பெருகும்போது கீமோ பட்டா, புதுசா வர்ற செல்லைத்தான் முதல்ல அழிக்கும்.

அம்பை மருந்துக்கடை:
ரெண்டாம் நாளே கவுண்ட் (நியூட்ரோஃபில் எண்ணிக்கை) ஏறிட்டுன்னு நிறுத்திடுதாங்களே, சரியா? எலும்பு வலிக்கு பாராசிட்டமால் கேக்கவும் வாறாங்க.

நோயெதிர்ப்பியல் ஆள்:
சரியில்ல. முதல் ரெண்டு நாள்ல ஏறுறது, மஜ்ஜையில ஏற்கெனவே இருந்த இருப்பு வெளிய வர்றது. கீமோவால வர்ற உண்மையான சரிவு அப்புறம்தான். அதைத் தாண்டி ஏறினதுக்கப்புறம் டாக்டர் சொல்லித்தான் நிறுத்தணும். அளவு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 300. எடை ரொம்ப வித்தியாசமா இருந்தா டாக்டர் சீட்டை ஒருக்கா சரிபாருங்க.

பாளை வார்டு சிஸ்டர்:
இடுப்பு, முதுகு எலும்புல வலி வரும், மஜ்ஜை வேலை செய்யுறதால. பாராசிட்டமால் குடுக்குறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. அந்த மாத்திரை காய்ச்சலை மறைச்சிரும். கவுண்ட் இறங்கியிருக்கும்போது ஒருதடவை 101 ஃபாரன்ஹீட் காட்டினாலோ, 100.4-லயே ஒரு மணி நேரம் நின்னாலோ அது அவசரம். ராத்திரி ரெண்டு மணின்னாலும் பாளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ, கீமோ குடுத்த இடத்துக்கோ போகணும். இடதுபக்க விலாவுக்குக் கீழேயோ இடது தோள்பட்டையிலயோ வலின்னா மண்ணீரல் கோளாறா இருக்கலாம், அபூர்வம்தான். அதுக்கு மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிடாதீங்க.