ஸ்பானியத்தில் 'அதே அளவு' என்று சொல்வது: தான், தான்த்தோ, இகுவால்

ஸ்பெயினுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வீடு பார்க்கும்போதே இது தேவைப்படும். தமிழில் 'அவ்வளவு' என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதும்: அவ்வளவு பெரிசு, அவ்வளவு பணம், அவ்வளவு உழைக்கிறார். ஸ்பானியத்தில் அடுத்து வரும் சொல்லைப் பார்த்துத்தான் இது மாறும். நம்மவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

அடுத்து பண்புச்சொல் வந்தால் 'தான்... கோமோ'. 'எஸ்தே பீசோ எஸ் தான் காரோ கோமோ எல் ஓத்ரோ' என்றால் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டு அளவுக்கே விலை. இந்தத் 'தான்' எங்கேயும் உருமாறாது. வினையான 'எஸ்'ஸுக்கு முன்னால் 'நோ' போட்டால் 'அந்த அளவுக்கு விலை இல்லை' என்றாகும்.

பெயர்ச்சொல் வந்தால் பால், எண் பார்த்து மாற்றுங்கள்: தான்த்தோ தினேரோ (பணம்), தான்த்தாஸ் யாவெஸ் (சாவிகள்). தண்ணீரில் கவனம். 'எல் ஆகுவா' என்பதால் ஆண்பால் என்று நினைத்துவிடுவோம். சொல் பெண்பால்தான், அழுத்தமான 'ஆ'வில் தொடங்குவதால் மட்டுமே 'எல்' வருகிறது. ஆகவே 'தான்த்தா ஆகுவா'. பசிக்கும் அப்படியே, 'தான்த்தா ஆம்ப்ரே'.

வினைக்குப் பின்னால் மாறாத 'தான்த்தோ கோமோ': 'த்ரபாஹோ தான்த்தோ கோமோ தூ', உன் அளவுக்கு நானும் உழைக்கிறேன். கடைசியில் 'தூ' (நீ)தான், அதன் மற்றொரு வடிவமான 'தீ' அல்ல. 'தான் முச்சோ' (முச்சோ என்றால் நிறைய) என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அதற்குத்தான் 'தான்த்தோ' இருக்கிறது.

பேச்சில் 'இகுவால் தே காரோ கே' (அதே அளவு விலை) நிறையக் கேட்கும். இங்கே 'கோமோ' வராது, 'கே'தான். 'எல் மிஸ்மோ தமாஞோ கே' (அதே அளவு) என்பதிலும் அப்படியே. ஆனால் 'தான் காரோ கே' என்றால் பொருளே வேறு: '...முடியாத அளவுக்கு விலை' என்று வாக்கியம் தொடரும் என எதிரில் இருப்பவர் காத்திருப்பார்.

உச்சரிப்பையும் சொல்லியாக வேண்டும். 'ன்'னுக்குப் பின் வரும் 'த' நம் வாயில் 'பந்து'வில் வருவதுபோல மென்மையாகிவிடும். 'பத்து'வில் வரும் 'த்து' போல அழுத்துங்கள். இல்லாவிட்டால் 'குவான்த்தோ' (எவ்வளவு) 'குவாந்தோ' (எப்போது) ஆகிவிடும். வாடகை எவ்வளவு என்று கேட்டால் தேதியைச் சொல்வார்கள்.

மறுமொழி: நல்ல விளக்கம். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கடிதங்களில் 'தான்த்தோ எல் ஒரிஹினால் கோமோ லா கோப்பியா' என்று வந்தால் அது ஒப்பீடே அல்ல. 'அசலும் வேண்டும், நகலும் வேண்டும்' என்று பொருள். அனுமதி அட்டை வாங்கப் போகும்போது இரண்டையும் கையில் வைத்திருங்கள்.