உதவி: மில் மோட்டர் உறுமுகிறது, சுற்றவில்லை (அவசரம்)

விசுவமடு மில்:
வணக்கம். காலையிலிருந்து மோட்டர் உறுமுகிறது, சுற்றுதில்லை. கொஞ்ச நேரத்தில் ட்ரிப் ஆகிறது. அவித்த நெல் முற்றத்தில் கிடக்கிறது, வானமும் கறுக்கிறது. தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கோ.

பரந்தன் பெடியன்:
மோட்டரைத் தொடக்கிவிடுகிற கப்பாசிற்றர் போயிருக்கும் அண்ணை. எங்கட கிணற்று மோட்டருக்கும் இதே கதைதான்.

வயரிங் வவுனியா:
தம்பி, த்ரீ பேஸ் (மூன்று கரண்ட் கம்பியில் ஓடுகிற) மோட்டரில் கப்பாசிற்றர் எங்கே இருக்கிறது? கேட்டவருக்கும் ஒன்று சொல்கிறேன். எத்தனை எச்.பி, ஸ்ரார் டெல்ராவா, வோல்ற் எவ்வளவு, ஒன்றுமே இல்லை. நாங்கள் என்ன சாத்திரமா பார்க்கிறோம்? மோட்டரின் பெயர்த்தகட்டைப் படம் எடுத்துப் போடுங்கள்.

விசுவமடு மில்:
20 எச்.பி. சிவப்பு பச்சை பொத்தான் வைத்த பெட்டி. வோல்ற் பார்க்கத் தெரியாது. ஒரு வரிசை லைட் வழமைபோல எரிகிறது, மற்ற இரண்டு வரிசையும் மங்கல்.

மாங்குளத்தான்:
நியூட்ரல் (மூன்று பேஸுக்கும் பொதுவான கம்பி) கழன்றுவிட்டது. சந்தேகமே இல்லை. டீவியைக் கழற்றி வையுங்கோ.

முறிகண்டி:
நியூட்ரல் மாதிரித் தெரியவில்லை. அது போனால் லோட் குறைந்த பேஸில் 230ஐத் தாண்டி ஏறி லைட் கண்ணைக் குத்தும். இவர் வழமைபோல என்கிறார். அதோடு நியூட்ரல் போனாலும் பேஸுக்கும் பேஸுக்கும் இடையில் 400 அப்படியே இருக்கும். மோட்டருக்கு அது போதும், உறுமாது.

அண்ணை, மோட்டரை நிறுத்திவிட்டு, வேலை தெரிந்த ஒருவரை மீற்றரோடு கூப்பிட்டு மெயின் சுவிச்சில் பார்க்கச் சொல்லுங்கோ. நியூட்ரலோடு 230, 115, 115 அளவில் வந்து, மங்கலான இரண்டு பேஸுக்கும் நடுவில் கிட்டத்தட்டப் பூச்சியம் காட்டினால் பிழை உங்கள் மில்லில் இல்லை. ரான்ஸ்போமரின் 33,000 வோல்ற் பக்கத்தில் ஒரு பியூஸ் போயிருக்கும். அந்தப் பக்கம் கொயில்கள் டெல்ரா (முக்கோணமாகக் கட்டினது), எங்கள் பக்கம் ஸ்ரார் (நடுவில் ஒரு புள்ளியில் சேர்த்துக் கட்டினது). மேலே ஒரு கம்பி போனால் இரண்டு கொயில் தொடராகி, ஆளுக்குப் பாதி வோல்ற்றோடு நிற்கும். கீழிருந்து பார்த்தாலே பியூஸ் குழாய் தொங்குவது தெரியும். கம்பு தடி கொண்டு போகவேண்டாம், பிரேக்டவுன்காரருக்குச் சொல்லுங்கோ. பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் மோட்டர்தான் எரியும்.

ஓமந்தை:
இதுக்குத்தான் டீசல் எஞ்சின் வேணும். கரண்டே இல்லாத காலத்தில் வன்னி முழுக்க நெல் குத்தினோம்.

மாங்குளத்தான்:
ஐயா, டீசல் விலை தெரிந்துதான் கதைக்கிறீங்களா?

ஓமந்தை:
தெரியும். த்ரீ பேஸ் லைன் எடுக்க அலைகிற செலவும் தெரியும். 30 அம்பியரே காணும் என்று எடுத்துவிட்டுப் பிறகு அழுகிறார்கள்.

வயரிங் வவுனியா:
அது சரி. 20 எச்.பி முழு லோட்டில் 28 அம்பியர் அளவில் இழுக்கும், தொடங்கும்போது அதைவிடப் பல மடங்கு. 60 அம்பியர் எடுப்பதுதான் புத்தி. 60 என்றால் 42 கேவிஏ, அதைத் தாண்டினால் பல்க் (பெரிய பாவனையாளர்) கணக்கு. டீசல் கதையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசுவமடு மில்:
115தான். பக்கத்து ஐஸ் கடையிலும் அப்படியாம். ஆட்கள் வந்து பியூஸ் போட்டார்கள், மயில் அடிபட்டதாம். மில் ஓடுது. நன்றி.

முறிகண்டி:
நல்லது. பேஸ் ஒன்று போனால் உடனே மோட்டரை நிறுத்துகிற பேஸ் பெயிலியர் ரிலே ஒன்று போட்டுவிடுங்கோ அண்ணை. இப்போது ட்ரிப் ஆக்குகிற ஓவர்லோட் சூடேறித்தான் தட்டும், அதுவரை மோட்டர் வேகும்.

மாங்குளத்தான்:
என் அரைக்கிற மில்லுக்கும் அந்த ரிலே போட்டேன், அதன்பிறகு பச்சைப் பொத்தானுக்கு அசைவே இல்லை. மூன்று பேஸும் இருக்கிறது. ரிலே பழுதா?

வயரிங் வவுனியா:
பழுதில்லை. அது மூன்று பேஸும் வருகிற வரிசையையும் பார்க்கும், வரிசை மாறியிருந்தால் தொடங்க விடாது. மெயினை நிறுத்திவிட்டு, ரிலேக்குப் போகிற மூன்றில் ஏதாவது இரண்டு கம்பியை மாற்றிக் கட்டுங்கள். ரிலேயில் மட்டும். மோட்டர் பக்கம் கை வைத்தால் மில் பின்பக்கம் சுற்றும்.